நிலம் வரைந்தோர் – 17: மரமில்லாத வரைபடத்திலிருந்து ஒரு காடு

1779 முடிந்து 1780 பிறந்த குளிர்காலத்தில் நியூயார்க் துறைமுகம் உறைந்து கெட்டியாகிவிட்டது. மன்ஹாட்டனிலிருந்து ஸ்டேட்டன் தீவுக்குப் பனிக்கட்டியின் மேலேயே பீரங்கிகளை இழுத்துச் சென்றார்கள். அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த காலம். 1776 முதல் மன்ஹாட்டன் பிரிட்டிஷ் படையின் கையில் இருந்தது. படைவீரர்கள், அவர்களை நம்பி ஓடிவந்த அரச விசுவாசிகள், ஏற்கெனவே அங்கே குடியிருந்தவர்கள் என்று தீவு நிரம்பி வழிந்தது. அத்தனை பேருக்கும் அடுப்பெரிக்கவும் குளிர்காயவும் விறகு வேண்டும். கப்பலில் விறகு வர வழியில்லை. எஞ்சியிருந்த காட்டையும் பழத்தோட்டங்களையும் வேலிக்கட்டைகளையும் வெட்டி எரித்தார்கள். போர் முடியும்போது தீவு ஏறத்தாழ மொட்டையாகிவிட்டது.

அந்த மொட்டைத் தீவை, 1782 வாக்கில், பிரிட்டிஷ் படைப் பொறியாளர்கள் வரைந்தார்கள். ஏறக்குறைய பத்தடி நீளம். ஒவ்வொரு குன்றின் சரிவும் மெல்லிய கோடுகளால் தீட்டப்பட்டிருக்கும். சரிவு செங்குத்தாக ஆக ஆகக் கோடுகள் நெருங்கி இருண்டுபோகும். ஓடைகள், குளங்கள், உவர்ச் சதுப்புகள், சாலைகள், கொத்தளங்கள் எதுவும் விடுபடவில்லை. பீரங்கியை எந்த மேட்டில் ஏற்றலாம், எதிரி எந்தச் சேற்றில் மாட்டுவான், குடிநீர் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தாக வேண்டிய படை அது. தப்பாக வரைந்தால் உயிர் போகும். அதனால்தான் அந்தக் காலத்துக்கு மீறிய துல்லியம் அதில் வாய்த்தது. 1783 நவம்பரில் படை வெளியேறியபோது வரைபடமும் கடல் கடந்தது. இன்று அது லண்டனின் கியூ பகுதியில், பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

சென்ற இதழில் ஹால் ஷெல்டனைப் பார்த்தோம். துத்தநாகத் தகட்டின் மேல் தூரிகை பிடித்து, காடு இருக்கும் இடத்தில் காட்டின் பச்சை, பாலை இருக்கும் இடத்தில் பாலையின் நிறம் என்று நிலத்தை அதன் சொந்த வண்ணத்தில் தீட்டியவர். ஆனாலும் அவருடைய காடு ஒரு வண்ணம்தான். அந்த வண்ணத்துக்குள் இறங்கி, எந்த மரம், எவ்வளவு உயரம், எதன் பக்கத்தில் எது என்று கேட்க முடியாது. அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடியவர்களின் கதை இது.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1972 ஜூலையில் அமெரிக்கா விண்ணுக்கு அனுப்பிய முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் பூமியை ஏறத்தாழ 80 மீட்டர் கட்டங்களாகப் பார்த்தது. படங்கள் வந்து குவிந்தன. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் தேவைப்பட்டது. 1976-இல் அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆண்டர்சனும் அவருடைய குழுவினரும் நகரம், விளைநிலம், மேய்ச்சல் நிலம், காடு, நீர், ஈரநிலம் என்று ஒரு வகைப்பாட்டை வகுத்துக் கொடுத்தார்கள். இன்று நாம் நிலப்போர்வை வரைபடம் என்று சொல்வதற்கு அடித்தளம் அதுதான். பின்னால் வந்த செயற்கைக்கோள்களில் கட்டம் 30 மீட்டராகச் சுருங்கியது. அமெரிக்காவின் தேசிய நிலப்போர்வைத் தரவில் ஒரு கட்டத்தில் 41 என்ற எண் இருந்தால் அங்கே இலையுதிர் காடு என்று பொருள்; 42 என்றால் பசுமைமாறாக் காடு.

அந்த 41-ஐக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 30 மீட்டருக்கு 30 மீட்டர் என்றால் 900 சதுர மீட்டர். அதற்குள் சில பத்து மரங்கள் நிற்கலாம். ஓக்கா, மேப்பிளா, ஹிக்கரியா? எண் சொல்லாது. நூறு வயது மரங்களா, போன தலைமுறையில் முளைத்தவையா? சொல்லாது. அடியில் புதர் மண்டிக் கிடக்கிறதா, மான் மேய்ந்து வெட்டவெளியாகிவிட்டதா? அதுவும் சொல்லாது. வரைபடத்தில் இந்த மௌனம் ஒரு குறையே இல்லை. காடு எவ்வளவு பரப்பு என்று கணக்குப் போட அந்த எண் போதும். ஆனால் அதே கட்டத்தை ஒரு காட்சியாகக் கண்முன் நிறுத்த வேண்டும் என்றால் நழுவ இடமில்லை. படத்தில் நிற்கும் ஒவ்வொரு மரமும் ஏதோ ஓர் இனமாக, ஏதோ ஓர் உயரத்தில், ஏதோ ஓரிடத்தில் நின்றாக வேண்டும். வரைபடம் சொல்லாமல் விட்ட அத்தனையையும் படம் போடுகிறவர் முடிவு செய்தாக வேண்டும்.

கணினி இந்த வேலைக்குப் பல பாதைகளில் வந்து சேர்ந்தது. ஹங்கேரியில் பிறந்த உயிரியலாளர் அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968-இல், செடி கிளைவிடும் முறையை இலக்கண விதி போல எழுதிக் காட்டினார். 1980-இல் போயிங் நிறுவனத்தில் வேலை பார்த்த லாரன் கார்ப்பென்டர், ஃபிராக்டல் கணிதத்தைக் கொண்டு மலைத்தொடருக்கு மேலே பறந்து செல்லும் ஒரு குறும்படத்தைக் கணினி வரைகலை மாநாட்டில் திரையிட்டார். அந்த மலைகள் எங்கும் இல்லாதவை. ஆனால் பார்த்தவர்கள் மலை என்று ஒப்புக்கொண்டார்கள். 1998-இல் ஆலிவர் டாய்சன், பாட் ஹான்ராஹன், பிரெமிஸ்வாஃப் புருசின்கியெவிச் முதலியோர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். வெயிலுக்கும் இடத்துக்கும் செடிகள் ஒன்றையொன்று முந்துவதைக் கணித்து, எந்தச் செடி எங்கே நிலைக்கும் என்று கண்டு, அதன்படி ஒரு முழு நிலக்காட்சியையே உருவாக்கும் முறையை அது சொன்னது. சில மாதிரிச் செடிகளை மட்டும் செய்துகொண்டு, அவற்றையே திருப்பியும் சற்றே மாற்றியும் ஆயிரக்கணக்கில் நடுவது அதில் முக்கியமான உத்தி.

இதே காலத்தில், அமிகா கணினியில் தொடங்கிய வேர்ல்ட் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட் என்ற மென்பொருளும் அதன் வாரிசான விஷுவல் நேச்சர் ஸ்டுடியோவும் நிலப்போர்வை வரைபடத்தை நேரடியாக வாங்கிக்கொள்ளும் வசதியைத் தந்தன. 41 என்ற எண் உள்ள இடத்தில் இந்த இந்த மரங்கள், இந்த அடர்த்தியில், இந்த உயரத்துக்குள், சரிவு இவ்வளவுக்கு மேல் போனால் மரம் வேண்டாம், பாறை தெரியட்டும் என்று விதி எழுதிக் கொடுத்தால் போதும். பெரும்பாலான மரங்கள் அங்கே தட்டைப் படங்கள்தான். உண்மை மரத்தைப் புகைப்படம் எடுத்து, பின்னணியை நீக்கி, எப்போதும் கேமராவைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பலகையில் ஒட்டிவிடுவார்கள். தூரத்துக் காட்டுக்கு அது போதும். அதன்மேல் காலை மூட்டத்தின் நீலம், குறிப்பிட்ட தேதியில் சூரியன் நிற்கும் கோணம், நிழல் எல்லாம் சேரும்போது கண் ஏற்றுக்கொள்ளும்.

ஆக, கருவி தயார். ஆனால் கருவிக்குள் போடும் விதிகள் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்விக்கு நான் அறிந்தவரையில் மிக உழைத்துப் பதில் தேடியவர் எரிக் சாண்டர்சன்.

சாண்டர்சன் நிலக்காட்சிச் சூழலியலாளர். 1998-இல் கலிபோர்னியாவிலிருந்து நியூயார்க் வந்து, பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவைத் தலைமையிடமாகக் கொண்ட காட்டுயிர்ப் பாதுகாப்புச் சங்கத்தில் சேர்ந்தார். ஊரைப் புரிந்துகொள்ளப் பழைய வரைபடங்களைத் தொகுத்த ஒரு நூலைப் புரட்டியபோது பிரிட்டிஷ் படையின் அந்த வரைபடம் அவர் கண்ணில் பட்டது. கான்கிரீட்டுக்கு அடியில் இத்தனை குன்றுகளா, இத்தனை ஓடைகளா என்ற வியப்பில் தொடங்கியது மன்னஹாட்டா திட்டம். 1609 செப்டம்பர் 12 அன்று, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஹென்றி ஹட்சன் தன் கப்பலை இந்தத் துறைமுகத்துக்குள் செலுத்திய அந்தப் பொழுதில் தீவு எப்படி இருந்திருக்கும்? ஒவ்வொரு தெருவுக்கும், ஒவ்வொரு கட்டட வரிசைக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று இறங்கினார். பத்தாண்டு உழைப்பு அது.

முதல் வேலை, பழைய வரைபடத்தை இன்றைய நகரத்தின் மேல் பொருத்துவது. இரண்டிலும் மாறாமல் இருக்கும் புள்ளிகள் வேண்டும். டிரினிட்டி தேவாலயம் 1776 பெருந்தீயில் எரிந்துபோனது. ஆனால் அதன் கல்லறைத் தோட்டம் அங்கேயேதான் இருக்கிறது. தீக்குத் தப்பிய செயின்ட் பால் சிற்றாலயம் நிற்கிறது. பிராட்வே போன்ற பழைய சாலைகளின் தடம் உண்டு. சென்ட்ரல் பார்க்கின் வடமுனையில் அரண்களின் மிச்சம் உண்டு. இப்படி ஏறத்தாழ 200 புள்ளிகளைத் தேடிப் பிடித்தார்கள். பொருத்தியதும் தெரிந்தது, 18-ஆம் நூற்றாண்டுப் பொறியாளர்களின் பிழை சராசரியாக 40 மீட்டர் அளவில்தான் இருந்தது. செயற்கைக்கோளும் விமானமும் இல்லாமல், பகைவர் சூழ்ந்த தீவில், சங்கிலியும் திசைகாட்டியும் கொண்டு அளந்தவர்களின் கைக்கு நாம் மரியாதை செய்தாக வேண்டும்.

அடுத்தது, நகரத்தைக் கழற்றும் வேலை. இன்றைய பேர்ல் தெருதான் அன்றைய கிழக்குக் கரை. அதற்கு அப்பால் உள்ள தெருக்கள் எல்லாம் கடலைத் தூர்த்து எடுத்த நிலம். அவற்றை நீக்கினார்கள். ஊரின் குடிநீராக இருந்து, அசுத்தமாகி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்ணடித்து மூடப்பட்ட கலெக்ட் குளத்தைத் திரும்பத் தோண்டினார்கள். ஏறத்தாழ 60 அடி ஆழம் கொண்ட குளம் அது. 1811-இல் வகுக்கப்பட்ட கட்டமிட்ட தெருத் திட்டத்துக்காக வெட்டிச் சாய்த்த குன்றுகளை மீண்டும் எழுப்பினார்கள். படை வரைபடத்தின் கோடுகள் சரிவைச் சொல்லும், உயரத்தைச் சொல்லாது. ஆகவே அந்தத் தெருக்களை அளக்கத் தீவு முழுதும் நடந்த ஜான் ராண்டல் போன்ற நில அளவையர்கள் விட்டுச்சென்ற தாள்களிடம் போக வேண்டியிருந்தது. 1865-இல் எக்பர்ட் வியலே என்ற பொறியாளர், புதைந்த ஓடைகள் நோய்க்குக் காரணமாகும் என்று கவலைப்பட்டு வரைந்த நீர்வழி வரைபடம் இன்னொரு சாட்சி. மன்ஹாட்டனில் அஸ்திவாரம் தோண்டுகிற பொறியாளர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். மூடிய ஓடை ஓய்ந்துவிடுவதில்லை, அடித்தளத்தில் ஊறி வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இப்போது குன்றும் நீரும் கரையும் கிடைத்தாயிற்று. காடு எங்கே? இங்கேதான் 1780-இன் விறகுவெட்டு குறுக்கே வருகிறது. வரைபடம் வரையப்பட்ட நாளில் மரமே இல்லை. அது சொல்லும் நிலப்போர்வை போரின் நிலப்போர்வை. 1609-இன் காட்டை அதிலிருந்து நகலெடுக்க முடியாது, அனுமானித்தாக வேண்டும்.

சாண்டர்சன் குழு அனுமானித்த முறையை ஓரிடத்தை வைத்துப் பார்க்கலாம். இன்றைய டைம்ஸ் சதுக்கம். பழைய நீர்வழிப்படி இரண்டு ஓடைகள் கூடும் பள்ளம் அது. சரிவு மிகக் குறைவு, நீர் தேங்கும், மண் ஊறிக் கிடக்கும். இந்த அட்சரேகையில், இந்தக் குளிரில், இப்படிப்பட்ட ஈர மண்ணில் நிலைக்கும் மரக்கூட்டம் எது என்று நியூயார்க் மாநிலத்தின் சூழலியல் சமூகங்கள் பற்றிய பதிவுகளைக் கேட்டால், செம்மேப்பிள் சதுப்பு என்று பதில் வருகிறது. மெதுவாக ஓடும் நீர் இருக்கிறது, தின்னவும் அணை கட்டவும் மரம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே பீவர் இருந்திருக்கும். பீவர் அணை கட்டினால் குளம் வரும். குளம் வந்தால் மரங்கள் நின்றபடியே பட்டுப்போகும். அந்தப் பட்ட மரங்களில் சில பறவைகள் பொந்து தேடும். ஓர் உயிர் இன்னொன்றுக்கு இடம் செய்துகொடுக்க, அது அடுத்ததை அழைத்துவரும். இந்தத் தொடர்புகளை வலையாகக் கோத்து, இயற்கையியலாளர் ஜான் மியூரின் பெயரால் மியூர் வலை என்று அழைத்தார்கள். ஓர் இனத்துக்கு எந்த உணவு, எந்த நீர், எந்தத் தங்குமிடம் தேவை என்று குறித்துக்கொண்டு, அவை கூடும் இடத்தில் அந்த இனத்தை வைப்பது அதன் முறை. இப்படித் தீவு முழுதும் 55 வகைச் சூழலியல் சமூகங்கள் வரையறுக்கப்பட்டன. அவ்வளவு சின்னத் தீவுக்கு அது பெருஞ்செல்வம்.

எல்லாவற்றையும் மண்ணும் மழையும் முடிவு செய்துவிடவில்லை. அங்கே லெனாப்பே மக்கள் வாழ்ந்தார்கள். சோளமும் பீன்ஸும் பூசணியும் பயிரிட்டார்கள், சிப்பி எடுத்தார்கள், தீ வைத்து நிலத்தைத் திறந்தார்கள். வடக்கே ஹார்லெம் சமவெளி காடாக இருந்ததா, புல்வெளியாகவா என்பது அவர்கள் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை தீ வைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. சாண்டர்சனும் டிம் பீனும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தச் சமவெளியைக் கணினிக்குள் வெவ்வேறு இடைவெளிகளில் எரித்துப் பார்த்தார்கள். புல், புதர், காடு என்று போர்வை எப்படி மாறுகிறது என்று கவனித்தார்கள். இந்தத் திட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. ஒரு சமூகத்தின் பழக்கத்தையும் ஓடையையும் சரிவையும் போல நிலத்தின் காரணங்களில் ஒன்றாக எண்ணிக் கணக்கில் சேர்த்தார்கள்.

இதற்குப் பிறகுதான் படம். மார்க்லி பாயர் என்ற கலைஞர் அந்தப் போர்வை வரைபடத்தையும் குன்றுகளின் உயரத்தையும் எடுத்து மரம் மரமாக நட்டார். மேட்டில் ஓக், செஸ்ட்நட், ஹிக்கரி, கரையோரத்தில் உவர்ப்புல், பள்ளத்தில் செம்மேப்பிள். இந்தத் திட்டத்தின் புகழ்பெற்ற படம் ஒன்றில் இன்றைய மன்ஹாட்டன் வானிலிருந்து எடுத்த புகைப்படமாகப் பாதியும், அதே உயரம், அதே கோணத்தில் 1609-இன் காடு மறுபாதியுமாக இருக்கும். தீவின் முனையில் கட்டடக் கூட்டம் முடிகிற கோட்டிலிருந்து பச்சை தொடங்குகிறது. 2009-இல் ஹட்சன் வந்து 400 ஆண்டு ஆனதை ஒட்டி, சாண்டர்சனின் நூலிலும் நியூயார்க் நகர அருங்காட்சியகத்தின் கண்காட்சியிலும் மக்கள் இந்தக் காட்சிகளைக் கண்டார்கள்.

மேட்டில் நின்ற செஸ்ட்நட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கிழக்கு அமெரிக்காவின் காடுகளில் ஓங்கி நின்ற மரம் அது. 1904-இல் அதைத் தாக்கும் பூஞ்சை நோய் முதன்முதலில் கண்டறியப்பட்ட இடம் பிராங்க்ஸ் உயிரியல் பூங்கா. சாண்டர்சன் பிற்காலத்தில் வேலை பார்த்த அதே வளாகம். அரை நூற்றாண்டுக்குள் சில நூறு கோடி மரங்கள் பட்டுப்போயின. இன்றைக்கும் வேரிலிருந்து தளிர் வரும், வளர்ந்து மரமாகும் முன்னே நோய் பிடித்துவிடும். ஆக, மன்ஹாட்டனின் மேட்டுக்காட்டை உண்மையாக வரைய வேண்டியவருக்கு, அந்தக் காட்டின் தலையாய மரங்களில் ஒன்றை அதன் முழு உருவில், அது வளர்ந்த காட்டிலேயே போய்ப் பார்க்க வழியில்லை. பழைய புகைப்படங்களும் எழுத்துக் குறிப்புகளும்தான் துணை. செம்மேப்பிளைப் பக்கத்துச் சதுப்பில் போய்ப் பார்த்துவிடலாம். செஸ்ட்நட்டுக்கு அது நடக்காது. படத்தில் இரண்டும் ஒரே தெளிவோடு, ஒரே வெளிச்சத்தில் நிற்கின்றன.

அந்த ஒரே தெளிவுதான் என்னை உறுத்துவது. 40 மீட்டருக்குள் உறுதியாகத் தெரிந்த ஓடையும், இருந்திருக்கலாம் என்று கணித்த மரமும், கலைஞர் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்ததால் நட்ட மரமும் படத்தில் ஒரே மாதிரி தெரியும். வரைபடத்தில் தெரியாத இடத்தை வெறுமையாக விட முடியும். படத்தில் வெறுமைக்கு இடமில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஷெப்பர்ட் இந்த ஆபத்தை நெடுநாளாகச் சொல்லிவருகிறார். காடு வெட்டும் திட்டத்துக்கும் அணைக்கும் மின்கம்பிப் பாதைக்கும் அனுமதி கேட்டு இப்படிப்பட்ட படங்களை மக்கள்முன் வைக்கும்போது, பார்ப்பவர் அதை நடக்கப்போகும் உண்மை என்றே எடுத்துக்கொள்வார் என்று எச்சரித்து, 2001-இல் நிலக்காட்சிப் படங்களுக்கான நெறிமுறை ஒன்றை முன்மொழிந்தார். எந்தக் கோணத்தைத் தேர்ந்தாய், எதை விட்டாய், எது கணிப்பு என்பதை எல்லாம் சொல்லிவிட வேண்டும் என்பது அதன் சாரம்.

மன்னஹாட்டா படங்களை இந்தக் கேள்விகளோடு பார்த்தால், அவை பெரும்பாலும் தாங்கி நிற்கின்றன என்பது என் எண்ணம். ஒரு மரத்தைச் சுட்டி ஏன் இங்கே என்று கேட்டால், சதுப்பு என்பதால். ஏன் சதுப்பு என்றால், இரண்டு ஓடை கூடுவதால். ஓடைக்கு என்ன சாட்சி என்றால், இதோ வியலேயின் தாள், இதோ படை வரைபடம் என்று பின்னோக்கிப் போக முடிகிறது. அந்தத் தொடர்ச்சி அறுபடும் இடத்தில் இது கணிப்பு என்று ஒப்புக்கொள்ள முடிகிறது. இந்தப் பின்வழி இல்லாத நிலக்காட்சிப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் நம்ப மாட்டேன்.

ஆனாலும் ஒரு மனக்குறை உண்டு. வானிலிருந்து பார்க்கும் அந்தப் பச்சைத் தீவில் லெனாப்பே மக்கள் தெரிவதில்லை. அந்த உயரத்தில் மனிதர்கள் எப்படித் தெரிவார்கள் என்று கேட்கலாம். அந்த உயரத்தைத் தேர்ந்ததும் ஒரு முடிவுதானே. அமெரிக்காவை ஆளில்லாக் காடு என்று சொல்லித்தான் ஐரோப்பியர்கள் குடியேற்றத்தை நியாயப்படுத்தினார்கள். சாண்டர்சனின் நூல் லெனாப்பே வாழ்க்கைக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறது; தீ பற்றிய ஆய்வே அதற்குச் சான்று. ஆனால் நூலைப் படிக்கிறவர்களைவிட அந்த ஒற்றைப் படத்தைப் பார்க்கிறவர்கள் அதிகம்.

2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயலின் கடல்நீர் நியூயார்க்குக்குள் ஏறியது. வெள்ளம் புகுந்த இடங்களைப் பழைய வரைபடத்தோடு வைத்துப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சியைவிட அடையாளம் தெரிந்ததுதான் அதிகம். கீழ் மன்ஹாட்டனில் தண்ணீர் நின்ற பகுதிகளில் பல, ஒரு காலத்தில் உவர்ச் சதுப்பாகவோ கடலாகவோ இருந்து தூர்க்கப்பட்டவை. 1609-இன் தீவை வேடிக்கையாகப் பார்த்துவந்த ஊருக்கு, அந்த வரைபடம் சட்டென்று நடைமுறைத் தேவையாகிவிட்டது.

அதற்கு முன்பே சாண்டர்சன் மன்ஹாட்டனைத் தாண்டியிருந்தார். வெலிக்கியா என்ற பெயரில் பிராங்க்ஸ், புரூக்ளின், குயின்ஸ், ஸ்டேட்டன் தீவு ஆகிய மற்ற நான்கு பகுதிகளுக்கும் இதே வேலையைத் தொடங்கினார். அங்கே மன்ஹாட்டனுக்குக் கிடைத்தது போல முழுப் பரப்பையும் ஒரே கையால் அளந்த படை வரைபடம் இல்லை. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு அளவுகளில், வெவ்வேறு தேவைகளுக்காக வரைந்த தாள்களை ஒட்டித் தைத்தாக வேண்டும். ஒன்றில் சதுப்பு என்பது இன்னொன்றில் புல்வெளியாக இருக்கும். குயின்ஸின் தெற்கே, இன்றைய கென்னடி விமான நிலையத்தை ஒட்டிக் கிடக்கும் ஜமைக்கா விரிகுடாவில், கரை எது, நீர் எது என்பதே அலைக்கு அலை மாறும். அந்த விரிகுடாவின் வரைபடங்களோடு அடுத்த இதழில் சந்திப்போம்.

(தொடரும்)